ஹார்டு டிஸ்க்கோடு எடைக்குப் போகும் ஆதார் நகல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரியாங்குப்பத்தில் பதினைந்து வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் புதுச்சேரி ஞாயிறு சந்தையில் 300 ரூபாய்க்குப் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கினேன். கணினியில் மாட்டியதும் காலியாகத்தான் காட்டியது. சந்தேகம் வந்து, அழிந்த கோப்புகளை மீட்கும் இலவச மென்பொருளை இரவு ஓடவிட்டுப் போனேன். காலையில் திரை முழுக்க ஆதார் அட்டைகள், பாஸ்புக்கின் முதல் பக்கங்கள், கைநாட்டு வைத்த கடன் பத்திரங்கள். ஏதோ ஒரு அடகுக்கடையின் கணினியில் இருந்தது போலும். அதில் ஒரு முகம், வாரம் தவறாமல் என் கடைக்கு வரும் அம்மாவுடையது. டிஸ்க்கைக் கழற்றி ட்ரில்லிங் மிஷினால் நாலு ஓட்டை போட்டேன்.

“ஃபார்மட் அடிச்சாச்சு” என்று நிம்மதியாகச் சொல்கிறோம். சாதாரண ஃபார்மட், புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கிற வேலை. பக்கங்கள் அப்படியேதான் இருக்கும்.

நானும் யோக்கியனில்லை. என் பழைய ஜெராக்ஸ் மிஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தபோது, அந்த மாதிரி மிஷின்களுக்குள்ளும் ஹார்டு டிஸ்க் இருக்கும், நகலெடுத்தவை அதில் தங்கக்கூடும் என்பதே எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், வாடகை ஜெராக்ஸ் மிஷின்களை அவற்றின் டிஸ்க்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்ததற்கு 2013-ல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியிருக்கிறது.

இங்கே என்ன நிலை? 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள், பெரும் பயனாளர்கள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் போன்றவர்களிடம்தான் கழிவைத் தர வேண்டும் என்கின்றன. ஆனால் பெரும் பயனாளர் என்றால் ஆயிரம் சாதனமாவது வைத்திருக்க வேண்டுமாம்! மூன்று கணினி வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள், ஆடிட்டர், அடகுக்கடை, கிளினிக், இவர்களெல்லாம் எங்கே போவது? 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி வரை அபராதம் என்கிறது. குப்பை வண்டித் தம்பியிடம் கேட்டேன். “காயலான் கடையில போடுங்கண்ணே, காசாவது வரும்” என்றார்.

பக்கத்து அரிக்கமேட்டில் அகழாய்வில் கிடைத்த உடைந்த பானை ஓட்டில் கீறிய எழுத்தை இரண்டாயிரம் ஆண்டு கழித்துப் படிக்கிறோம். பானைக்காரருக்கு அதனால் நஷ்டமில்லை. கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்த அம்மாவின் கதை அப்படியா?

கொம்யூன் பஞ்சாயத்தும் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமமும் சேர்ந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை முகாம் நடத்தட்டும். பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் வந்து, கொண்டுவந்தவர் கண்ணெதிரே டிஸ்க்கை உடைத்து, அதன் சீரியல் எண்ணோடு ரசீது தரட்டும். அரசு அலுவலகப் பழைய கணினிகளை ஏலம் விடும்போதும், டிஸ்க்கைக் கழற்றிய பிறகே விட வேண்டும்.

என் கடைப் பரணில் இரண்டு பழைய சிபியு கிடக்கின்றன. தேதியைச் சொன்னால் முதல் ஆளாகத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்,
அரியாங்குப்பம்.