விஞ்ஞான விநோதம்: உருக்குக்கு ஒரு கடிவாளம்

கமுதிக்குச் சென்று, 2016-ஆம் வருஷத்தில் அங்கே எழுந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைக் கண்டு திரும்பும் அன்பர்கள், வெயிலை விழுங்கும் பலகைகளைப் பற்றியே ஓயாமல் பேசுகிறார்கள். அப்பலகைகளைத் தாங்கி நிற்கும் சுமார் 30,000 டன் உருக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. துத்தநாகம் பூசிய உருக்குத் தகட்டில் ஒரு தழும்பு இருந்தால், துருவுக்கு அதுவே வாசற்படி. அந்தத் தழும்பு பல சமயம் பிறப்பது வார்ப்படச் சாலையிலேதான்.

சுமார் 1,500 டிகிரி உஷ்ணத்தில் உருகிய உருக்கு, நீரால் குளிர்விக்கப்படும் தாமிர அச்சினுள் ஒரு குழாய் வழியே பாய்கிறது. மேலே காற்றுப் படாதிருக்க ஒரு வகைப் பொடியைப் போர்வைபோல் தூவியிருப்பார்கள். பாயும் பிரவாகம் அச்சின் ஓரச் சுவரில் மோதும், ஒரு கிளை மேல்நோக்கி எழும்பும், மேற்பரப்பு அலைபாயும், பொடியும் உள்ளே இழுபட்டு அங்கேயே உறைந்துவிடும். பிறகு உருக்கைத் தகடாக நீட்டும்போது அது கோடாக வெளிப்பட்டு மானத்தை வாங்கும்.

இந்தத் துள்ளலை அடக்கக் காந்தத்தை வைக்கிறார்கள். "காந்தம் இரும்பை இழுக்குமேயன்றி அடக்குமோ?" என்று நேயர்கள் வினவலாம். உண்மையில், 770 டிகிரிக்கு மேற்பட்ட இரும்பைக் காந்தம் இழுப்பதே இல்லை! ஆயினும் உருகிய இரும்பு மின்சாரத்தைக் கடத்தும். காந்தப் புலத்தின் குறுக்கே ஓடும் கடத்தியில் மின்சாரம் தானே உண்டாகும் என்பதை 1831-இல் பாரடே கண்டார். அம்மின்சாரம் அதே காந்தத்துடன் சேர்ந்து ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். ஓட்டம் விரைந்தால் பிடியும் இறுகும். ஓட்டம் தணிந்தால் பிடியும் தளரும். வீட்டுச் சுவரில் இருந்த பழைய மின்மானியின் அலுமினியத் தட்டு, தறிகெட்டுச் சுழலாமல் இருந்தது இவ்விதமே.

கோபன்ஹேகனில் ஹார்ட்மன் என்பவர் பாதரசத்தைக் கொண்டு செய்த இத்தகைய சோதனைகளை 1937-இல் வெளியிட்டார். உருக்காலைக்கு இம்முறை வந்தது 1980-களின் தொடக்கத்தில். ஸ்வீடன் தேசத்தாரும் ஜப்பானியரும் கூடிச் செய்த வேலை அது. அளவு மீறி அடக்கினாலும் ஆபத்துண்டு. மேற்பரப்பு குளிர்ந்துவிட்டால் பொடி சரியாக உருகாது. வேறு விதத் தழும்பு தோன்றும். கடிவாளம் போட்ட குதிரை நின்றுவிடலாகாதல்லவா?

இவ்வித்தை நமக்குப் புதிதன்று. கல்பாக்கத்தில் 1985-இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையில் திரவ சோடியம் ஓடுகிறது. சோடியத்தைத் தள்ளும் மின்காந்தப் பம்புகளையும், ஓட்டத்தை அளக்கும் காந்தக் கருவிகளையும் அங்குள்ள நம் விஞ்ஞானிகள் தாமே ஆக்கியிருக்கிறார்கள். அவர்களும் சேலத்து உருக்காலைக்காரரும் கூடிப் பேசினால், இந்தக் கடிவாளத்தையும் இந்நாட்டிலேயே முடைந்துவிடலாம் என்பது என் துணிபு.