பூட்டு வேண்டியது கொட்டகைக்கு, சந்தேகம் லயத்துக்கா?

சப்பிரகமுவத் தோட்டமொன்றில் மரம் அரியும் சங்கிலிவாள் களவு போகிறது. மறுநாள் பொழுது விடிந்ததும் பெரும்பாலும் நடப்பது என்ன? கொட்டகைக்குப் பூட்டு இருந்ததா என்று கேட்பாரில்லை. சாவி யாரிடம் இருந்தது என்று விசாரிப்பாரில்லை. தேடுதல் நேரே லயத்தில் தொடங்குகிறது. தொழிலாளியின் பெட்டி கிளறப்படுகிறது, அடுப்படி துழாவப்படுகிறது. பொருள் அகப்படுவதில்லை. ஆனால் அவன் பெயரில் விழுந்த கறை மட்டும் அகலுவதுமில்லை. இந்த அநீதியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

களவை நாம் சிறிதாக எண்ணவில்லை. இரத்தினபுரியும் கேகாலையும் தேயிலையும் இறப்பரும் விளையும் மாவட்டங்கள். பால் வற்றிய இறப்பர் மரத்தை வீழ்த்தினாலன்றி மறுநடுகைக்கு இடமில்லை. வீழ்த்திய மரம் விறகாகவும் பலகையாகவும் லொறி ஏறினாலன்றிக் காசு இல்லை. ஒப்பந்தத்துக்கு மரம் வெட்டும் சிறு முதலாளிக்கு ஒரு வாளும் ஓர் உழவு இயந்திரமுமே முழு முதல். அவை போனால் அவர் பிழைப்பும் போகும். அவரிடம் நாட்கூலி பெறுவோரின் அடுப்பும் அணையும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும், புளத்கொஹுபிட்டியைச் சேர்ந்த களுப்பஹன தோட்டத்திலும் மலை சரிந்து உயிர்கள் மாண்டன. அத்தகைய நாளில் வீதிக்குக் குறுக்கே கிடக்கும் மரத்தை அறுத்து, நோயாளிக்கும் உதவிக்கும் வழி திறப்பது இதே வாள்தான். அது கொட்டகையில் இல்லாத நாளில் நட்டம் பணத்தோடு நிற்காது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் படிப்படியாகத் திறந்தது. புதியது வராத நாட்டில் பழையதின் விலை ஏறியது. விலை ஏற ஏறக் கள்வனின் ஆசையும் ஏறியது.

ஆனால் கள்வன் யார்? உழவு இயந்திரத்தை இரவோடிரவாகக் கடத்துகிறவனுக்கு லொறி வேண்டும், சாரதி வேண்டும், எண்ணைக் கேளாமல் வாங்கும் வியாபாரி வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பிராவில் குடும்பத்தோடு முடங்கிக் கிடக்கும் தொழிலாளியிடம் இவற்றுள் எது இருக்கிறது? தொழிலாளருள் கள்வனே இல்லை என்று நாம் சத்தியம் செய்யவில்லை. கள்வன் எந்த வகுப்பிலும் உண்டு. இருந்தால் சாட்சியோடு பிடியுங்கள். ஒருவனைத் தேட ஒரு லயத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்!

தொழிலாளியைக் கடனாலும் துண்டாலும் கட்டிவைத்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு ஒழிந்தது, அவனைச் சந்தேகத்தோடு நோக்கும் கண் ஒழிந்ததா? 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டு, உடைமை இழந்து ஓடிய கதையை நாம் மறக்கவில்லை. அந்த மண்ணில் ஒரு கூட்டத்தின் மீது வீசும் பழிச்சொல் நெருப்புப் பொறிக்குச் சமம்.

நிர்வாகங்களுக்குச் சொல்கிறோம்: காவல் என்பது சந்தேகமல்ல, இரும்பும் ஏடும் வெளிச்சமுமே காவல். வாளை இரும்புப் பெட்டியில் வைத்துப் பெட்டியைச் சீமெந்துத் தரையோடு பிணையுங்கள். சட்டத்தையும் சங்கிலியையும் கழற்றி வேறிடத்தில் பூட்டுங்கள். எடுத்தவர், எடுத்த நேரம், திருப்பிய நேரம் ஆகியவற்றை ஏட்டில் பதிந்து, கொடுத்தவரும் பெற்றவரும் கையொப்பமிடுங்கள். அந்த ஏடு பொருளைக் காப்பதோடு குற்றமற்றவனையும் காக்கும். ஒரே வகை உழவு இயந்திரங்கள் பலவற்றுக்கு ஒரே சாவி பொருந்துவதுண்டு. ஆகவே சாவியை மட்டும் நம்பாமல் மின்கலத் தொடர்பைத் துண்டிக்கும் மறைவான ஆளியொன்றைப் பொருத்துங்கள். காவற்காரரை நியமித்தால் விளக்கும் தொலைபேசியும் கொடுங்கள். இருட்டில் வெறுங்கையோடு ஒருவரை நிறுத்திவிட்டு, விடிந்ததும் அவரையே குற்றஞ்சாட்டுவது எந்த ஊர் நியாயம்?

சிறு உடைமையாளரான நம்மவர்க்கும் கடமை உண்டு. வாளின் தொடரிலக்கம், வாகனத்தின் அடிச்சட்ட எண், இயந்திர எண் ஆகியவற்றை எழுதி, படமும் எடுத்து வீட்டில் வையுங்கள். சங்கிலிவாள்களைப் பொலிசில் பதியுமாறு 2019இல் அரசாங்கம் பணித்தது. காடழிப்பைத் தடுப்பதே அதன் நோக்கம். எனினும் அப்பதிவுச் சீட்டு உங்கள் உரிமைக்கும் சாட்சி. மூன்றாந்தரப்புக் காப்புறுதி களவுக்கு ஈடு தராது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

களவு போனால் தாமதியாது முறையிடுங்கள், தமிழிலேயே முறையிடுங்கள். சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் 1988இல் தந்திருக்கிறது. வாசிக்க இயலாத முறைப்பாட்டில் கையொப்பமிடாதீர்கள். எண்ணில் ஓர் இலக்கம் பிழைத்தால், அகப்பட்ட பொருளும் உங்களுடையதல்ல என்றாகிவிடும்.

இறுதியாக ஒரு கசப்பான வார்த்தை. பாதி விலைக்கு, பத்திரமில்லாமல், பழைய வாளொன்று கிடைக்கிறது என்றதும் கை நீட்டுவோர் நம்மிடையேயும் உள்ளனர். வாங்குவோன் இல்லையேல் களவாடுவோன் இல்லை. எண் தேய்க்கப்பட்ட பொருளை வாங்குகிறவர் அயலானின் சோற்றை வாங்குகிறார் என்றே சொல்வோம்.

கொட்டகைக்குப் பூட்டுப் போடுங்கள். ஏட்டுக்குக் கையொப்பம் போடுங்கள். கள்ளப் பொருளுக்குக் கதவடையுங்கள். அதற்குப் பிறகும் களவு நடந்தால் தேடுங்கள். நாமும் கூட வருகிறோம். அதுவரை லயத்தின் கதவைத் தட்டாதீர்கள்!