கார்ட் பழுது என்று தீர்ப்பளிக்க முன்னர்



வீட்டுப் பிள்ளை தன் கையாலேயே ஒரு கணனியைப் பூட்டி எடுப்பது இக்காலத்தில் அபூர்வமான காரியமல்ல. மதர்போர்ட், புரோசசர், மெமரி, கிராபிக்ஸ் கார்ட் என்று ஒவ்வொன்றாக வாங்கி, இணையத்தில் பார்த்துப் பார்த்து இணைத்து விடுகிறார்கள். ஆனால் எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்ட பிறகு திரை கறுத்து நின்றுவிட்டால், அந்த வீட்டில் எழும் பிரச்சினை கணனியோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. அப்படியான ஒரு வீட்டின் கதையையும், இவ்விடயத்தில் நாம் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கையும் இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் அரபு படிப்பிக்கும் ஆசிரியன். எமது பாடசாலைக் கணனி அறையின் திறப்பு பல வருடங்களாக என்னிடம் இருப்பதனால், ஊரவர்கள் பழுதான கணனிகளையும் என்னிடமே தூக்கி வருவார்கள். சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலை நேரம், தகப்பனும் மகனும் ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார்கள். மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவர். கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டி உழைக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். தாய் இரண்டு வருடங்களாகத் தையலில் சேர்த்த காசில் பாகங்கள் வாங்கப்பட்டிருந்தன. கிராபிக்ஸ் கார்டை மட்டும் விலை குறைவு என்று ஒருவர் பாவித்ததை வாங்கியிருந்தார்கள்.

“கார்ட் செத்துப் போச்சாம் ஹஸ்ரத். கடையில காட்டினோம், புதுசுதான் வாங்க வேணுமாம். இவன் பூட்டக்குள்ளதான் என்னமோ செஞ்சி கெடுத்திருக்கான்” என்றார் தகப்பன். மகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். இருவரும் மூன்று நாட்களாக முகம் பார்த்துக் கதைக்கவில்லை என்பது பின்னர்தான் எனக்குத் தெரியவந்தது.

நான் மகனிடம் ஒரேயொரு கேள்வி கேட்டேன். “மகன், டிரைவர் போட முந்தி படம் வந்திச்சா?”

“வந்திச்சி ஹஸ்ரத். விண்டோஸ் போட்டு முடியும் மட்டும் நல்லா இருந்திச்சி. டிரைவர் போடப் போனாத்தான் கறுக்குது.”

பாதி விடை அதிலேயே இருந்தது.

டிரைவர் என்பது என்ன?

அரபு நாட்டிலிருந்து ஒரு விரிவுரையாளர் நம் ஊருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எவ்வளவு பெரிய அறிஞராயினும், பக்கத்தில் ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால் சபையோருக்கு ஒன்றும் விளங்காது. விண்டோஸுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் இடையில் அப்படி நிற்கும் மென்பொருளே ‘டிரைவர்’ ஆகும். விண்டோஸின் கட்டளைகளை அந்தக் கார்டுக்கு விளங்கும் மொழியில் அது எடுத்துச் சொல்கிறது.

உரிய டிரைவர் கிடைக்கும் வரை விண்டோஸ் தன்னிடமுள்ள ஒரு சாதாரண டிரைவரைக் கொண்டு சமாளிக்கும். ‘மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடப்டர்’ என்பது அதன் பெயர். எழுத்தும் படமும் தெரியும். ஆனால் கார்டின் முழுத் திறமையையும் அதனால் வெளிக்கொணர முடியாது. ஆகவே, அந்தச் சாதாரண டிரைவரில் படம் வந்து, உரிய டிரைவரைப் போடும்போது மட்டும் திரை கறுக்குமாயின், மொனிட்டரும் கேபிளும் கார்ட் செருகப்பட்ட இடமும் பெரும்பாலும் சரியாகவே உள்ளன. குற்றவாளியை வேறிடத்தில் தேட வேண்டும்.

முதலில் கம்பியைப் பாருங்கள்

டிரைவரில் கைவைக்க முன்னர் கண்ணால் பார்க்க வேண்டியவை இரண்டு உள்ளன.

முதலாவது, மொனிட்டர் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பது. கணனியின் பின்புறம் மதர்போர்டிலும் ஓர் எச்.டி.எம்.ஐ. துவாரம் இருக்கும், கீழே கார்டிலும் இருக்கும். கேபிள் கார்டிலேயே இருக்க வேண்டும். இன்டெல் புரோசசர்களில் பெயரின் இறுதியில் ‘எஃப்’ எழுத்து உள்ளவற்றுக்குள் கிராபிக்ஸ் பகுதி இயங்காது. ஏ.எம்.டி. ரைசன் 5 5600 இலும் அது இல்லை. இத்தகையவற்றில் மதர்போர்டின் துவாரத்தில் கேபிளைச் செருகினால் எந்நாளும் படம் வராது. வேறு புரோசசர்களில் அங்கிருந்தும் படம் வரும். அப்போது “கார்ட் வேலை செய்யவில்லை” என்று நாம் ஏமாந்துவிடுவோம்.

இரண்டாவது, கார்டுக்கான மின்கம்பி. கார்ட் செருகப்படும் துவாரம் ஆகக்கூடியது 75 வாட் மின்சாரத்தையே தரும். ஆறு முனைக் கம்பி மேலும் 75 வாட்டும், எட்டு முனைக் கம்பி 150 வாட்டும் தருவதற்கென வகுக்கப்பட்டவை. இக்கம்பி இறுக்கமாகச் செருகப்படாவிட்டாலோ, பவர் சப்ளை தரம் குறைந்ததாக இருந்தாலோ, சும்மா இருக்கும்போது படம் வந்து, டிரைவர் கார்டை முழுமையாக எழுப்பும் வேளையில் எல்லாம் நின்றுவிடலாம்.

அந்த மகனின் கணனியில் இவ்விரண்டும் சரியாகவே இருந்தன. கம்பிகளைக்கூட அழகாகக் கட்டி வைத்திருந்தார். அதைத் தகப்பனுக்குக் கேட்கும்படியாகச் சொன்னேன்.

பெயரையும் இலக்கத்தையும் எழுதுங்கள்

‘ஸ்டார்ட்’ பொத்தானில் வலது கிளிக் செய்தால் ‘டிவைஸ் மனேஜர்’ என்பது வரும். அதில் ‘டிஸ்ப்ளே அடப்டர்ஸ்’ என்பதன் கீழ் உங்கள் கார்ட் இருக்கும். அதை இரட்டைக் கிளிக் செய்தால் அதன் நிலையை விண்டோஸ் ஓர் இலக்கத்துடன் சொல்லும். இலக்கம் 28 எனின் டிரைவர் இன்னும் போடப்படவில்லை. 22 எனின் யாரோ அதை நிறுத்தி வைத்துள்ளார்கள். 12 எனின் கார்டுக்குத் தேவையான வளங்களை ஒதுக்க முடியவில்லை. 43 எனின் கார்ட் ஏதோ கோளாறை அறிவித்ததனால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது.

கார்டின் பெயரே தெரியாவிட்டால், அதே இடத்தில் ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் ‘ஹார்ட்வெயார் ஐடீஸ்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். தயாரிப்பாளரைக் குறிக்கும் இலக்கம் 1002 என்றிருந்தால் அது ஏ.எம்.டி.; 10டி.ஈ. என்றிருந்தால் என்விடியா; 8086 என்றிருந்தால் இன்டெல். (1978 இல் இன்டெல் வெளியிட்ட புரோசசரின் பெயரும் 8086 தான்.) பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பாமல், கார்ட் தானே சொல்லும் இவ்விலக்கத்தை நம்புங்கள். குறிப்பாகப் பாவித்த கார்டுகளுக்கு இது மிக அவசியமாகும்.

பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்

புதிதாகப் பூட்டிய கணனியில் நடக்கும் ஒரு தவறு, நாம் ஒரு பக்கத்தில் டிரைவரைப் போட்டுக்கொண்டிருக்க, விண்டோஸ் தன் ‘அப்டேட்’ மூலம் மறு பக்கத்தில் இன்னொன்றைப் போட்டுக்கொண்டிருப்பதாகும். ஒரு சபையில் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே நேரத்தில் பேசினால் என்ன நடக்கும்? அதனால் பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்.

1. விண்டோஸ் அப்டேட்கள் யாவும் முடியும் வரை காத்திருங்கள். மதர்போர்டின் ‘சிப்செட்’ டிரைவரையும் முதலில் போட்டுவிடுங்கள்.

2. கார்டின் சரியான டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுத்து வையுங்கள். “எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்” என்று அழைக்கும் விளம்பரங்களின் பக்கம் போகாதீர்கள். பழைய கார்டுகளுக்குத் தனி டிரைவர் இருக்கலாம். உதாரணமாக, 2017 இல் வெளிவந்த ஆர்.எக்ஸ். 580 போன்ற கார்டுகளை ஏ.எம்.டி. 2023 இன் இறுதியில் புதிய கார்டுகளிலிருந்து பிரித்து, அவற்றுக்கெனத் தனி டிரைவரை வழங்கத் தொடங்கியது.

3. இணையத் தொடர்பைத் துண்டியுங்கள்.

4. ‘ஷிப்ட்’ பொத்தானை அழுத்திக்கொண்டு ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, ‘ட்ரபிள்ஷூட்’ வழியாக ‘சேஃப் மோட்’ இற்குச் செல்லுங்கள். அதற்கு முன்னர் கணக்கின் பாஸ்வேர்டையும், ‘பிட்லொக்கர்’ பூட்டு இருந்தால் அதன் மீட்பு இலக்கத்தையும் கையில் வைத்திருங்கள்.

5. ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவச மென்பொருளால் பழைய டிரைவரின் மிச்சங்களைத் துடைத்துவிட்டுக் கணனியை மீண்டும் ஆரம்பியுங்கள்.

6. எடுத்து வைத்த டிரைவரைப் போடுங்கள். திரை சில விநாடிகள் கறுத்து மீள்வது இயல்பே. பதறிப்போய் மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

டிரைவர் சரியாக ஏறிய பின்னரும் திரை இடைக்கிடை மறைந்து மறைந்து வருகிறதா? கார்ட் இரண்டு விநாடிகளுக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரைத் திரும்ப ஆரம்பிக்கும். இது விண்டோஸ் விஸ்டா காலம் தொட்டு உள்ள ஏற்பாடாகும். இதற்குக் கார்ட்தான் காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். மெமரியின் வேகத்தைக் கூட்டும் ‘எக்ஸ்.எம்.பி.’ என்ற வசதியை மதர்போர்டில் நிறுத்திவிட்டு ஒரு நாள் பாவித்துப் பாருங்கள். நிலையற்ற மெமரி பல வேளைகளில் டிரைவர் கோளாறைப் போலவே தோற்றமளிக்கும்.

இன்னொன்று, புதியதெல்லாம் நல்லதென்றும் இல்லை. 2010 மார்ச்சில் என்விடியா நிறுவனம் 196.75 என்ற தனது டிரைவரை வாபஸ் பெற்றது. கார்டின் விசிறி ஒழுங்காகச் சுழலவில்லை என்ற முறைப்பாடுகளே காரணம். எனவே இன்று நன்றாக வேலை செய்யும் டிரைவரின் இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புதியது தொல்லை தந்தால் பழையதற்குத் திரும்பலாம்.

அந்தச் சிறிய சுவிட்ச்

இனி நம் கதைக்கு வருவோம். மேற்சொன்ன ஒழுங்கில் ஒவ்வொன்றாகச் செய்தோம். துடைத்த பின் படம் வந்தது. டிரைவரைப் போட்டோம், கறுத்தது. மீண்டும் ஆரம்பித்தபோது மங்கலான பெரிய எழுத்துக்களுடன் திரை வந்தது. டிவைஸ் மனேஜரில் 43. கார்ட் ஆர்.எக்ஸ். 580.

இந்த வகைக் கார்டுகள் ஒரு காலத்தில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டுவதற்காக இரவு பகலாக ஓட்டப்பட்டவை. 2022 செப்டெம்பர் 15 அன்று எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அவ்வேலை முடிவுக்கு வந்தது. கார்டுகள் பாவித்த பொருட்களாகச் சந்தைக்கு வந்தன. அத்தொழில் செய்தவர்களில் பலர் கூடுதல் வேகத்திற்காகக் கார்டினுள் எழுதப்பட்டிருக்கும் ‘பயோஸ்’ என்ற அடிப்படைக் கட்டளைத் தொகுப்பை மாற்றி எழுதியிருந்தார்கள். அவ்வாறு மாற்றப்பட்டதை ஏ.எம்.டி. டிரைவர் ஏற்க மறுக்கும். சாதாரண டிரைவர் அதைப் பரிசீலிப்பதில்லை; ஆதலால் அதில் மட்டும் படம் வரும்.

இத்தகைய சில கார்டுகளின் மேல் விளிம்பில், ஒரு பயோஸ் கெட்டுப்போனால் மற்றதைப் பாவிப்பதற்கென ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. கணனியை நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றிவிட்டு, “மகன், விளிம்பில விரலை வச்சிப் பாருங்க” என்றேன். அவரது விரல் நுனியில் அது தட்டுப்பட்டது. மறுபக்கம் தள்ளினார். பழைய டிரைவரைத் துடைத்து, மீண்டும் போட்டோம். திரை கறுத்தது. எண்ணி எண்ணிக் காத்திருந்தோம். பின்னர் முழுத் திரையும் தெளிவாக வந்தது. டிவைஸ் மனேஜரில் எந்தக் குறையும் இல்லை.

கார்ட் சாகவும் இல்லை, பிள்ளை அதைக் கெடுக்கவும் இல்லை. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மூன்று நாட்களும் மிஞ்சியிருக்கும். பொருளின் குறையை மறைத்து விற்பது வாங்குபவரின் காசை மட்டுமல்ல, அவர் வீட்டின் நிம்மதியையும் எடுத்துவிடுகிறது. எனவே பாவித்த கார்ட் வாங்கும்போது, உரிய டிரைவரைப் போட்டு உங்கள் கண்முன்னால் ஓட்டிக் காட்டும்படி கேளுங்கள். திரையில் படம் தெரிவது மாத்திரம் சான்றாகாது. அத்தகைய சுவிட்ச் இல்லாத கார்டாயின், பயோஸைத் திரும்ப எழுதுவது விஷயம் தெரிந்தவரிடம் விட வேண்டிய வேலை. விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பதே மேல்.

வாசகர்களே! ஒரு நேரத்தில் ஒரேயொரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். செய்ததை ஒரு கொப்பியில் எழுதுங்கள். நான்கைந்தை ஒன்றாக மாற்றினால், சரிவந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்று தெரியாது. கார்ட் பழுது என்பது எல்லாவற்றையும் பார்த்து முடித்த பின்னர் கடைசியாகச் சொல்ல வேண்டிய தீர்ப்பு. பிள்ளைமீது பழி சொல்வதற்கும் அதே நிதானம் வேண்டும்.

தகப்பன் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணனியைத் தானே தூக்கிக்கொண்டார். “வாங்க மகன், வீட்டுக்குப் போவம். உம்மா பாத்துக்கொண்டிருப்பா” என்றார்.