வீட்டாசிரியையின் காதலும் வேதனமும்

வீட்டாசிரியை தன் எசமானனைக் காதலித்து மணக்கும் ஆங்கில நாவல்களைக் காதல் வர்க்க வேலியைத் தகர்த்தமைக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். 1847 இல் வெளிவந்த சார்லட் புறொன்ரியின் ‘ஜேன் அயர்’ அவர்களது தலையாய சான்றாகும். இக்கொள்கை நூலையும் பிழைபட வாசிக்கிறது, வாழ்க்கையையும் மறைக்கிறது.

வீட்டாசிரியை என்பவள் யார்? கல்வியுண்டு, சொத்தில்லை என்ற நிலையில் நின்ற நடுத்தர வகுப்புப் பெண். உயர்தொழில்கள் பெண்களுக்கு அடைபட்டிருந்த அக்காலத்தில் அவளுக்குத் திறந்திருந்த வாயில்கள் மிகச் சிலவே. எசமானரின் விருந்து மண்டபத்திலும் அவளுக்கு இடமில்லை. வேலையாட்களின் சமையலறையிலும் இடமில்லை. 1841 இல் அத்தொழில் புரிந்த சார்லட் புறொன்ரி பெற்ற ஆண்டு வேதனம் 20 பவுண். அதிலும் துணி வெளுக்கும் செலவுக்கென 4 பவுண் கழிக்கப்பட்டது.

இப்பின்னணியில் நாவலின் கணக்கைப் பார்த்தல் வேண்டும். ஜேனின் ஆண்டு வேதனம் 30 பவுண். றொச்செஸ்ரர் தமது முதல் மணத்தின்மூலம் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பெற்ற சீதனமோ 30,000 பவுண். ஜேன் சிறிய தந்தையின் 20,000 பவுணுக்கு உரிமையாளியாகி, அதனை நால்வருக்குள் பகிர்ந்து, தன் பங்காக 5,000 பவுணைக் கொண்ட பின்னரே திருமணம் நிகழ்கிறது. அதற்குள் எசமானனின் மாளிகை எரிந்துவிட்டது. அவன் பார்வையையும் ஒரு கையையும் இழந்துவிட்டான். கூலி கொடுப்பவனும் கூலி பெறுபவளுமாக இருந்தவரை அவ்விருவரையும் இணைத்துவைக்க ஆசிரியை துணியவில்லை. ஆகவே வேலி தகரவில்லை. பணமென்னும் ஏணியை வைத்து ஒருத்தி அதனைக் கடந்தாள் என்பதே உண்மை.

ஜேன் எசமானனின் முன்னிலையில் தன் ஆன்மாவின் சமத்துவத்தை நிலைநாட்டுகிறாளே எனின், அது மெய்யே. நாவலின் வலிமையும் அதுவே. 1848 டிசம்பரில் ‘குவாட்டர்லி றிவியூ’ ஏட்டில் எலிசபெத் றிக்பி அந்நூலைச் சாடியபோது அவரைச் சினங்கொள்ளச் செய்தது அதில் ஒலித்த அதிருப்திக் குரலேயாகும். பகைவர் கண்டுகொண்டதை அன்பர் காணத் தவறினர்! பின்வந்த மலிவுக் காதற்கதைகள் அக்குரலை விடுத்துத் திருமணத்தை மட்டும் எடுத்துக்கொண்டன.

அதே 1847 இல் ஆன் புறொன்ரியின் ‘அக்னஸ் கிறே’ வெளிவந்தது. அதன் நாயகியை எந்த எசமானனும் மணக்கவில்லை. அவமதிப்பும் தனிமையும் அற்ப வேதனமும் அங்கே உள்ளவாறே காட்டப்பட்டன. அந்நூல் அக்காளின் நூலளவுக்குப் புகழ்பெறாமை ஆச்சரியமன்று. ஆறுதற் கனவையே வாசகர் பெரிதும் விரும்பினர்.

பிறர் இல்லங்களில் தங்கி உழைக்கும் பெண்கள் இன்றும் உளர். அவர்களுக்கான சமவாயத்தைச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் நிறைவேற்றியது 2011 இலேதான். அவர்களுக்கு வேண்டுவது எசமானனின் காதலன்று; நியாயமான வேதனமும் ஓய்வும் உரிமையுமேயாம். திருமண மணியோசையில் இக்கோரிக்கையை அமிழ்த்தும் விமர்சனம், எத்துணை இனிமையாக எழுதப்படினும், எசமானரின் விமர்சனமேயாகும்.