மறுபதிப்பும் மோசடியும்

வீடியோ விளையாட்டிலும் பாடபேதம் பார்க்க வேண்டும் என்றால் நம் விமர்சகர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

'கான்ட்ரா' 1990இல் ஐரோப்பாவுக்குப் போனபோது, ஜெர்மனியின் கட்டுப்பாடுகளுக்கு அஞ்சி நாயகர்களை ரோபோக்களாக்கினார்கள். கோழைத்தனம்தான். ஆனால் பெயரையும் 'ப்ரோபோடெக்டர்' என்று மாற்றினார்கள். தான் வேறு பிரதி என்பதை அது ஒளிக்கவில்லை.

இந்த நாணயம்கூடப் பின்னால் வந்தவர்களிடம் இல்லை. 'சைலன்ட் ஹில்' முதல் ஆட்டத்தில் (1999) பனிமூட்டம் யந்திரத்தின் பலவீனத்தை மறைக்க வந்தது. இரண்டாவதில் (2001) அதுவே அந்த ஊரின் மனநிலையாகிவிட்டது. கலையில் இப்படித்தான் நடக்கும். 2012இல் கொனாமி அதைத் 'துல்லியமாக்கி' வெளியிட்டது. இறுதி மூலநிரலை யாரும் பாதுகாத்து வைக்கவில்லை. அரைகுறை நிரலை வைத்து ஒப்பேற்றினார்கள். பனி மெலிந்தது, ஏரி நீர் பாதியில் அறுந்து நிற்பது தெரிந்தது. கையெழுத்துப் பிரதியைத் தொலைத்துவிட்டுச் செம்பதிப்பு!

முன்னைவிடத் தெளிவாகத்தானே இருக்கிறது என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

'வார்கிராஃப்ட் 3' விவகாரம் இன்னும் மோசம். புதிய பதிப்பு 2020இல் வந்ததும், 2002இன் ஆட்டத்தை வாங்கி இணையத்தில் ஆடிவந்தவர்கள் மீதும் அதையே திணித்தார்கள். எந்தப் பதிப்பாளரும் நம் அலமாரியைத் திறந்து பழைய பதிப்பை மாற்றிவைத்ததில்லை. இவர்கள் செய்தார்கள், அதே பெயரில்.