எஞ்சின் தேய்ந்தால் வண்டியைப் புதைக்காதீர்கள்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். "அப்பா, இந்தத் தகரத்தை வித்துப்போட்டுப் புதுசு எடுங்கோ" என்று நச்சரித்த மகன் நான்தான். எக்ஸெல் தாள் போட்டும் காட்டினேன். அந்தத் தாளில் எல்லாம் இருந்தது, அப்பாவின் வயதைத் தவிர. அவருக்கு அப்போது 63.

வண்டி 1997 டொட்ஜ் ராம் 2500. உள்ளே 5.9 லீற்றர் கம்மின்ஸ் டீசல், ஆறு சிலிண்டர், 12 வால்வு. புல்வெட்டும் மெஷின், கல், மண் ஏற்றிய ட்ரெயிலரை ஸ்காபரோவில் இருந்து அஜாக்ஸ் வரை வருடக் கணக்காக இழுத்த வண்டி. நான் மாஸ்டர்ஸ் படித்த காசும் அந்த ட்ரெயிலரில்தான் வந்தது. 6 லட்சம் கிலோமீற்றர் தாண்டியதும் காலையில் நீலப் புகை, ஏற்றத்தில் இழுவை இல்லை, கிழமைக்கு ஒரு லீற்றர் எண்ணெய் குடிக்கத் தொடங்கியது.

புது வண்டி விற்கும் இடத்துக்குப் போனோம். விற்பனையாளரும் எங்கட ஆள். "இதுக்கு இனிச் செலவழிக்காதேங்கோ அண்ணை, மாதத் தவணை உங்களுக்குக் கட்டுப்படியாகும்" என்றார். அந்த 'மாதத் தவணை' என்ற சொல்லில்தான் எனக்குக் கோபம். கணக்கைப் பாருங்கள். 90,000 டொலர் கடன், 7 வீத வட்டி, 84 மாதம். மாதம் ஏறத்தாழ 1,358 டொலர். முடிவில் கட்டியது 114,000 டொலர். வட்டி மட்டும் 24,000. மூன்று நான்கு வருடத்தில் ஓய்வெடுக்க நினைத்த மனிசன் 70 வயது வரை அந்த வண்டிக்காகப் புல் வெட்ட வேண்டும். இதைத்தான் நான் 'புத்தியான முடிவு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் வேலையில் இதே நோயைத் தினமும் பார்க்கிறேன். பழைய மென்பொருளில் ஒரு பகுதி பிழைத்தால் போதும், "எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிட்டுப் புதுசா எழுதுவம்" என்று ஒருவர் எழும்புவார். எது பிழைத்தது என்று அவர் பார்த்திருக்க மாட்டார். அளந்து பார்க்காமல் சொல்லும் முடிவுக்குப் பெயர் பொறியியல் அல்ல, சோம்பல்.

அளப்பது பெரிய வித்தையும் இல்லை. இன்ஜெக்டரைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் டீசல் கேஜ் பூட்டி, ஒவ்வொரு சிலிண்டராக அமுக்கத்தைப் பார்க்கலாம். எங்களுடையதில் நான்கு ஒரே அளவு, இரண்டு நன்றாகக் கீழே. குறைந்த சிலிண்டருக்குள் காற்றை அடித்துவிட்டுக் காதைக் கொடுங்கள். எண்ணெய் ஊற்றும் வாயால் சீறினால் றிங், பிஸ்ரன் பக்கம். சைலன்சர் பக்கம் சீறினால் வால்வு. ரேடியேற்றரில் குமிழி வந்தால் ஹெட் காஸ்கெட். எங்களுக்கு எண்ணெய் வாயால் சீறியது. அதாவது எஞ்சின் உண்மையாகவே தேய்ந்துவிட்டது. சரி. அப்போதும் வழி மூன்று இருந்தது.

ஒன்று, பழைய வண்டி உடைக்கும் இடத்தில் கழற்றிய எஞ்சின். விலை குறைவு, அதன் சரித்திரம் ஒருவருக்கும் தெரியாது. எந்த எஞ்சினைப் போட்டாலும் கழற்றிப் பூட்டும் கூலி ஒன்றுதான் என்பதை மறக்காதீர்கள். ஆறு மாதத்தில் அதுவும் புகைத்தால் அந்தக் கூலி இரண்டு தரம். இரண்டு, தொழிற்சாலையில் புதுப்பித்த எஞ்சின். உத்தரவாதம் உண்டு, விலை கூட. உங்கள் பழைய எஞ்சினைக் கொடுத்தால் வைப்புப் பணம் திரும்பும். மூன்று, உங்கள் எஞ்சினையே பிரித்துக் கட்டுவது.

நாங்கள் மூன்றாவதைச் செய்தோம். கடைசல் பட்டறையில் எழுபது வயதுப் போர்த்துக்கேயர் ஒருவர் சிலிண்டரின் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து சோக்கட்டியால் எழுதினார். தேய்மானம் பற்றிப் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கிய எனக்கு அந்தக் கருவியைப் பிடிக்கவே தெரியாது. காந்தச் சோதனையில் புளொக்கில் வெடிப்பு இல்லை. 102 மில்லிமீற்றர் துளையை 102.5 ஆக்கி, அந்த அளவுக்குப் பிஸ்ரன், புது றிங், புது பெயாரிங் போட்டார்கள். முன்பக்கம் திறந்திருந்தபோது, இந்த 12 வால்வு எஞ்சின்களில் மெல்லக் கழன்று பற்சக்கரத்துக்குள் விழக்கூடிய சின்ன ஊசியையும் அடைத்து விட்டார்கள். மொத்தச் செலவு 15,000 டொலருக்குக் கொஞ்சம் குறைவு. புது வண்டிக்கு அது பதினொரு மாதத் தவணை. மீதி 73 மாதம் அப்பாவுக்கு மிச்சம்.

"பழசு பாதுகாப்பில்லையே" என்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் எஞ்சினுக்கு முதல் சட்டகத்தைப் பாருங்கள் என்கிறேன். ஒன்ராறியோ உப்பு ஊறி, சுத்தியலால் தட்டினால் உதிர்கிற சட்டகத்துக்குப் புது எஞ்சின் பூட்டுவது முட்டாள்தனம். அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பிரேக், ட்ரெயிலர் பிரேக் இரண்டுக்கும் முதல் காசு போகட்டும். புகையிலும் பழைய டீசல் புதியதைவிட அழுக்குத்தான், அதை மறைக்கவில்லை. தினமும் அலுவலகம் போக இதை ஓட்டாதீர்கள். ட்ரெயிலர் இழுக்க மட்டும் எடுங்கள்.

ஆனால் உண்மையான தடை புகையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. பவுசு. கோயில் வாசலில் நிறுத்தினால் சனம் என்ன சொல்லும் என்ற பயம். 1990களில் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. ஒஸ்ரின், மொறிஸ் கார்களைக் கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் எங்கட சனம். அந்தச் சனத்தின் பிள்ளைகள் நாங்கள், காலையில் வந்த ஒரு நீலப் புகையைக் கண்டு ஏழு வருடக் கடனில் கையெழுத்துப் போடுகிறோம். போடுவதோடு நிற்காமல், அப்பாமாரையும் போடச் சொல்கிறோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு வேலை வண்டி நிற்கலாம். அப்பாவோ மாமாவோ அதை விற்கப் போகிறேன் என்றால், விலை விசாரிக்க முதல் ஆறு சிலிண்டரின் ஆறு எண்ணையும் கேளுங்கள். ஒருவரும் அளக்கவில்லை என்றால், சனிக்கிழமை காலை ஒரு கேஜ் இரவல் வாங்கிக்கொண்டு போய் நீங்கள் அளவுங்கள். கை கறுக்கும். பரவாயில்லை.