தளம் ஆறும்வரை பொறுமின்



புதுவீடு மந்திரிக்க நம்மை அழைக்க வருவோரில் பலர் நாளைக் குறித்துவிட்டே வருகின்றனர். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, உறவினருக்கும் சொல்லியாகிவிட்டது. தரை வேலை முடிந்ததா என வினவினால், "அதற்கென்ன சுவாமி, டைல்ஸ் வந்து இறங்கிவிட்டது, நான்கே நாளில் பதித்துவிடுவார்கள்" என்பர். அந்த அவசரத்தைப் பற்றியே இம்மாதம் சில சொல்ல விழைகிறோம்.

டைல்ஸ் எத்துணை விலையுயர்ந்ததாயினும், அது மெல்லிய மேலோடே. சுமையைத் தாங்குவது அதன் கீழுள்ள தளம். தளம் இறங்கினால் ஓடு பிளக்கும். தளம் சுருங்கினால் ஓடு கழன்று மேலெழும். எனவே, கடையில் நிறம் பார்க்கச் செல்லுமுன் தளத்தைப் பாருங்கள்.

முதலாவது, மண். அடித்தளச் சுவர்களுக்கிடையே மண்ணை ஒரேயடியாகக் கொட்டி நிரப்பலாகாது. அரையடிக்கு ஒருமுறை பரப்பி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கியபின் அடுத்த அடுக்கை இடவேண்டும். கரிசல் பூமியில் வாழ்வோர், தோண்டிய கரிசலையே திரும்ப நிரப்ப வேண்டாம். மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும் மண் அது. கிராவல் நிரப்புவதே நன்று. கடற்கரைப் பங்கினரோ, அருகில் கிடைக்கிறதென்று கடல் மணலைக் கலவையில் சேர்க்கலாகாது. அதன் உப்பு ஈரத்தோடு மேலேறி, ஓடுகளின் இடைவெளிகளில் வெண்மையாய்ப் பூக்கும்.

இரண்டாவது, கான்கிரீட். சிமெண்ட் 1 பங்கு, மணல் 4 பங்கு, ஜல்லி 8 பங்கு எனக் கலந்து 4 அங்குலக் கனத்தில் இடுவது வழக்கம். இதனைக் குறைந்தது 7 நாள்கள் ஈரம் காயாது காக்கவேண்டும். சாம்பல் கலந்த சிமெண்டாயின் 10 நாள்கள். அதன் வலிமையைக் கணக்கிடுவது 28ஆம் நாளில். உலர உலரக் கான்கிரீட் சிறிது சுருங்கும். அச்சுருக்கம் பெரிதும் அடங்கியபின் ஓடு பதிப்பதே அறிவுடைமை. குளியலறையின் நீர் வாட்டத்தையும் தளத்திலேயே அமைத்துவிடுங்கள்.

மூன்றாவது, பழைய தரை. காவி பூசிய வழவழப்பான தரைமேல் ஓடு பதிக்க விரும்புவோர், சுத்தியலின் பிடியால் எங்கும் தட்டிப் பாருங்கள். பொள்ளலாய் ஒலிக்கும் இடத்தைப் பெயர்த்தெடுத்துப் புதிதாய்ப் பூசவேண்டும். எஞ்சிய தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகக் கழுவவேண்டும். விட்ரிஃபைடு ஓடுகள் நீரை உறிஞ்சுவது மிகச் சிறிதே. வெறும் சிமெண்ட் பாலில் அவை நன்கு பிடியா. அவற்றிற்கென உள்ள பசையை அடிப்புறம் முழுவதும் படியுமாறு தடவவேண்டும். ஐந்து இடத்தில் உருண்டை வைத்துப் பதித்தால், நடுவே வெற்றிடம் நிற்கும். கனமான பாத்திரம் விழுந்தால் அங்கேதான் உடையும்.

தரை எழும்பிய வீட்டில் பழி கொத்தனார்மேல் விழுகிறது. ஆனால் அவரை விரைவுபடுத்தியது யார்? கடன் வாங்கிக் கட்டிய வீட்டில், ஓராண்டுக்குள் தரையைப் பெயர்ப்பதென்றால் அக்குடும்பம் மறுபடியும் கடன்படுகிறது. கொத்தனாரின் நிலையையும் எண்ணுங்கள். தளம் ஆறும் நாள்களில் அவருக்குக் கூலி இல்லை; ஆகவே அவரும் விரைகிறார். அந்நாள்களில் சுவர்ப் பூச்சோ, சுற்றுச்சுவரோ அவருக்குக் கொடுங்கள். பொறுமையின் செலவை அன்றாடங்காய்ச்சியின் தலையில் ஏற்றுவது நீதியன்று.

வீடு கட்டிய இருவரைப் பற்றிய உவமையை மத்தேயுவும் லூக்காசும் தருகின்றனர். அவன் ஆழமாய்த் தோண்டினான் என்பதைக் குறிப்பவர் லூக்காஸ் மட்டுமே. தோண்டியதை வழிப்போக்கர் எவரும் பாராட்டியிரார். வெள்ளம் வந்தபோதுதான் அதன் பயன் தெரிந்தது. குடும்பத்திலும், விருந்தினர் காணாத உழைப்பே வீட்டைத் தாங்குகிறது.

ஆகவே வீடு கட்டுவோரே, முதலில் கொத்தனாரோடு அமர்ந்து தளத்திற்கு வேண்டிய நாள்களை எண்ணுங்கள். அதன்பின் பங்குத்தந்தையிடம் நாள் கேளுங்கள். அழைப்பிதழை அச்சகத்திற்குக் கொடுப்பது அதற்கும் பிறகாகட்டும்.